மூலப்பத்திரம் இல்லாத கணினிகள்

“ஆக்டிவேட் ஆயிட்டுல்லா அண்ணாச்சி, அப்புறம் என்ன?”

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் ரத வீதிகள், சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணிக் கரையில் எந்த ஊர் அலுவலகத்தில் கேட்டாலும் இந்தப் பதில்தான் வருகிறது. கேட்கிற கேள்வியோ மிகச் சாதாரணமானது. பழைய கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போகிறீர்கள். இப்போது அதில் இருக்கிற விண்டோஸுக்கும் ஆபீஸுக்கும் டேலிக்கும் லைசென்ஸ் ஒழுங்காக இருக்கிறதா? அவ்வளவுதான். அதைக் கேட்டவுடன், தேவையில்லாத வம்பை இழுத்துவிட்டவரைப் போல நம்மைப் பார்க்கிறார்கள்.

இந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. அதே தேதியில் ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் ஆதரவு முடிந்தது. ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் கடை, வக்கீல் சேம்பர், ஜாப் டைப்பிங், அரிசி மில், தனியார் கல்லூரி என எல்லோரும் இப்போதோ அடுத்த வருடமோ கணினியை மாற்றியாக வேண்டும், அல்லது அதில் இருப்பதை மேம்படுத்தியாக வேண்டும். சரிபார்க்க வேண்டிய நேரம் இதுதான். அதைச் செய்யவிடாமல் ஒரு கருத்து ஊர் முழுக்க வேரூன்றி நிற்கிறது.

அந்தக் கருத்து பல குரல்களில் பேசும். ஓடுகிற சாப்ட்வேருக்கு எதற்கு ஆராய்ச்சி? காசு கொடுத்துத்தானே சிஸ்டம் வாங்கினோம்? அமெரிக்கக் கம்பெனிக்கு நம்மால் என்ன நட்டம்? திருநெல்வேலிக்கு யாரு வந்து பாக்கப் போறா? பார்த்தால் செலவுதானே வரும்? இந்தக் குரல்கள் ஒவ்வொன்றையும் நான் மறுக்கிறேன். மென்பொருள் நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசுவது என் வேலையில்லை. தன் மேசைமேல் இருக்கிற பொருளில் எது தனக்குச் சொந்தம் என்று அறியாமல் தொழில் செய்கிற நம் ஊர்க்காரர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் குரலை எடுத்துக்கொள்வோம். ஆக்டிவேட் ஆகிவிட்டது என்றால் உரிமம் இருக்கிறது என்று பொருளா? இல்லை. ஒரு சாவி எண்ணைச் சரிபார்ப்பு முறை இப்போதைக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதுதான் பொருள். ஏற்றுக்கொள்ளப்பட்டதாகக் கணினியே ஏமாற்றப்பட்டிருக்கவும் கூடும். இதை ஊகமாகச் சொல்லவில்லை; எந்தக் கணினியிலும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். அதில் விவரம் என்ற வரியின் கடைசியில் ரீடெயில், ஓஇஎம், வால்யூம் ஆகியவற்றில் ஒரு சொல் இருக்கும். இந்த விண்டோஸ் எந்த வழியாக உங்களிடம் வந்ததாகக் கணினி நம்புகிறது என்பதை அந்தச் சொல் காட்டிக்கொடுக்கும்.

மூன்றே கணினிகள் இருக்கிற ஒரு பத்திர எழுத்தர் கடையில் அந்த வரி ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்’ என்று முடிந்தால் என்ன பொருள்? கேஎம்எஸ் என்பது பெரிய நிறுவனங்களுக்கான முறை. நிறுவனம் தனக்குள் ஒரு சர்வரை வைத்து, அதன் வழியாகத் தன் கணினிகளை ஆக்டிவேட் செய்துகொள்ளும். விண்டோஸ் கணினிகளுக்கு அந்த சர்வர் வேலை செய்யவே குறைந்தது 25 கணினிகள் அதைத் தொடர்புகொள்ள வேண்டும். மூன்று கணினிக் கடைக்கு அந்த 25 எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. சர்வீஸுக்கு வந்தவர் ஒரு கிராக்கை ஓட்டி, இல்லாத சர்வர் ஒன்று இருப்பதாகக் கணினிக்குள்ளேயே பொய் சொல்ல வைத்திருக்கிறார். அந்த ஆக்டிவேஷனுக்கு ஆயுள் 180 நாள். அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் அந்தக் கிராக் பின்னணியில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிஸ்டம் தகராறு பண்ணுகிறது, ஆளைக் கூப்பிட்டால் சரியாகிவிடுகிறது என்று சொல்லும் கடைக்காரர்கள் அந்த ஆறு மாதக் கணக்கை ஒரு முறை யோசித்துப் பார்க்கட்டும்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற சாவி எண்களின் கதையும் இதுதான். எங்கோ ஒரு நிறுவனமோ கல்விக்கூடமோ மொத்தமாகப் பெற்ற எண்ணைத் துண்டு துண்டாக விற்கிறார்கள். வாங்கியவுடன் வேலை செய்யும். அந்த எண் அளவுக்கு மீறிப் பயன்பட்டது தெரியவந்ததும் முடக்கப்படும். விற்றவரைத் தேடினால் கிடைக்கமாட்டார். கையில் மிஞ்சுவது 25 எழுத்து எண்ணும் பணம் அனுப்பிய ரசீதும். அந்த ரசீதில் உரிமம் என்ற சொல் எங்கும் இருக்காது.

இரண்டாவது குரல் நியாயமானவர்களின் குரல். “நான் திருடவில்லை, காசு கொடுத்து வாங்கினேன், பில் இருக்கிறது.” இவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஏமாற்ற நினைக்காதவர்கள் இவர்கள். இவர்கள் வாங்கியது எதை என்று இவர்களிடம் யாரும் சொல்லவேயில்லை.

நம் ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கமாட்டோம். மூலப்பத்திரம் எங்கே என்று கேட்போம். நடுவில் ஒரு பத்திரம் விட்டுப்போயிருந்தால், விற்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் கை வைக்கமாட்டோம். மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்கும் இதே சட்டம்தான். மேம்படுத்தும் உரிமம் முந்தைய உரிமத்தின் மேல் நிற்பது. முந்தையது இல்லாவிட்டால் பிந்தையது அந்தரத்தில் தொங்கும்.

இதைக் கல்வி நிறுவனங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மைக்ரோசாப்ட் நிறுவனங்களுக்கு மொத்தமாக விற்கிற விண்டோஸ் வால்யூம் உரிமம் என்பது மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. ஒவ்வொரு கணினியிலும் ஏற்கெனவே ஒரு தகுதியான விண்டோஸ் உரிமம் இருந்தால்தான் அது செல்லும். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமைப்படுகிற பாளையங்கோட்டையைச் சுற்றி எத்தனை கல்லூரிகள், எத்தனை கம்ப்யூட்டர் லேப்கள்! விலை குறைவு என்று அசெம்பிள்டு சிஸ்டமாக ஐம்பது வாங்கி, அவற்றில் அடிப்படை விண்டோஸ் எதுவும் வாங்காமல், மேலே வால்யூம் உரிமத்துக்கு மட்டும் பணம் கட்டிய நிர்வாகம் எதுவானாலும், தன்னிடம் எல்லாம் ஒரிஜினல் என்று நம்பிக்கொண்டிருக்கும். பணமும் கட்டியிருக்கிறது, உரிமமும் இல்லை. சரிபார்க்காததன் விலை இதுதான்.

பிராண்டட் மடிக்கணினியோடு வந்த ‘ஹோம் அண்டு ஸ்டூடண்ட்’ ஆபீஸ் இன்னொரு கண்ணி. பெயரிலேயே வீடும் மாணவரும் இருக்கிறார்கள். வணிகப் பயன்பாட்டுக்கு அதன் உரிமத்தில் இடமில்லை. வழக்கறிஞர்களும் ஆடிட்டர்களும் அதில்தான் தினமும் வாதுரையும் பேலன்ஸ் ஷீட்டும் தயாரிக்கிறார்கள். ஒரிஜினல் மடிக்கணினி, ஒரிஜினல் ஆபீஸ், ஆனால் செய்கிற வேலைக்கு அனுமதி இல்லை.

இந்த வேறுபாடுகளெல்லாம் காகிதச் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவூட்டுகிறேன். 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள்ளும் கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளும் தண்ணீர் நின்றது. தரையில் வைத்திருந்த சிபியுக்கள் சேற்றோடு சேர்ந்து போயின. கணினியோடு சேர்ந்து வந்த ஓஇஎம் உரிமம் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. உற்பத்தி நிறுவனமே பழுதுக்கு மாற்றித் தந்தாலன்றி, போர்டு போனால் உரிமமும் போயிற்று. தனியாகக் கடையில் வாங்கிய ரீடெயில் விண்டோஸ் உரிமத்தைப் புதிய கணினிக்குக் கொண்டுபோகலாம். வெள்ளம் இரண்டையும் ஒரே மாதிரிதான் நனைத்தது. எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பது அதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட நிபந்தனையில் இருந்தது. தன்னிடம் இருப்பது எது என்று அறிந்தவர் மட்டுமே அந்த வாரத்தில் சரியான கேள்வியை டீலரிடம் கேட்டிருக்க முடியும்.

கணக்கு மென்பொருளான டேலியில் நிலைமை இன்னும் சிக்கல். டேலியின் உரிமம் ஒரு மின்னஞ்சல் முகவரியோடு இணைந்தது. பல கடைகளில் அந்த முகவரி முதலாளியுடையதாக இருப்பதில்லை. முதலில் போட்டுக் கொடுத்த டீலருடையது, அல்லது அப்போது கணக்கு எழுதிய அண்ணாச்சியுடையது. அவர் வேலையை விட்டுப் போய்விட்டால், முதலாளி காசு கொடுத்து வாங்கிய உரிமத்தை முதலாளியால் நிர்வகிக்க முடியாது. டேலி பிரைம் 2020 நவம்பரில் வந்தது. அதற்கு முந்தைய டேலி இஆர்பி 9 உரிமம் வைத்திருந்து, டிஎஸ்எஸ் என்ற சேவைச் சந்தாவும் நடப்பில் இருந்தால், மாறுவதற்குக் கூடுதல் விலை இல்லை. உரிமம் யார் பெயரில் இருக்கிறது, சந்தா எந்தத் தேதியோடு முடிகிறது என்று பார்க்காதவர்கள் இரண்டாவது முறையாக முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள், அல்லது கிராக்குக்குப் போகிறார்கள். இரண்டுமே தேவையில்லாதது.

மூன்றாவது குரல்தான் ஊரில் வீரமாக ஒலிப்பது. பில் கேட்ஸுக்கு நம்மால் என்ன நட்டம்? கொள்ளை விலை வைத்து விற்கிறவனிடம் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் தப்பா? இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் மறுக்கவில்லை. ஒரு ஜாப் டைப்பிங் கடையின் மாத வருமானத்தோடு ஒப்பிட்டால் அந்த விலைகள் அநியாயம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் டிடிபியும் அக்கவுண்ட்ஸும் படித்து வேலைக்குப் போனதில், திருட்டு சிடிக்களில் வந்த பேஜ்மேக்கருக்கும் போட்டோஷாப்புக்கும் பங்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இதை எதிர்ப்பு என்று சொல்லாதீர்கள். 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடையே பேசிய பில் கேட்ஸ் சீனாவைப் பற்றி வெளிப்படையாகவே சொன்னார்: அவர்கள் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிட்டால் பணத்தை எப்படி வசூலிப்பது என்று பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில். கள்ளப் பிரதி அவர்களை வீழ்த்தும் ஆயுதம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்களோ அதை விளம்பரச் செலவாகக் கணக்கு வைத்தார்கள். நம் டைப்பிஸ்டுகளின் விரல்கள் வேர்டுக்குப் பழகின, நம் ஸ்டூடியோக்காரர்கள் போட்டோஷாப்புக்குப் பழகினார்கள். பழகிய பிறகு வசூல் தொடங்கியது. 2013இல் அடோபி இனி மாதச் சந்தாதான் என்று சொல்லிவிட்டது. மொத்தமாக விலை கொடுத்து வாங்கக்கூடிய கடைசிப் போட்டோஷாப் சிஎஸ்6 ஆயிற்று. நம்மிடம் மாற்று எதுவும் பழக்கத்தில் இல்லை. இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

கள்ளப் பிரதியால் அடிபட்டவை இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைத்த மாற்றுகள். 2006–07 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, அரசுப் பள்ளிகளுக்கும் கொண்டுபோக முயன்றது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. பல வீடுகளில் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு, கிராக் செய்த விண்டோஸைப் போட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கட்டற்ற மென்பொருளில் ஓட்டுகிறது. மலையாளத்திலேயே பாடக் கருவிகள் செய்துகொள்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் முடியாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், திருட்டு விண்டோஸ் இங்கே இலவசமாகக் கிடைத்ததுதான். எல்லாமே இலவசம் என்றால் நியாயமான இலவசத்தை யார் தேடுவார்கள்?

அமெரிக்கக் கம்பெனி என்று சொல்வதும் இனி இங்கே எடுபடாது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. 2019 நவம்பர் வரை அந்தப் பகுதி திருநெல்வேலி மாவட்டம்தான். டேலி பெங்களூரில் 1986இல் பிறந்த இந்திய நிறுவனம். நம் பிள்ளைகள் சம்பளம் வாங்குவது யாரோ ஒருவர் எங்கோ மென்பொருளுக்கு நேர்மையாகப் பணம் கொடுப்பதால். பிறர் கொடுக்க வேண்டும், நாம் கொடுக்க வேண்டியதில்லை என்ற வாதத்தை அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

நான்காவது குரல்: “யாரு வந்து பாக்கப் போறா?” சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்றொரு பிரிவு, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்தது. கள்ளப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். அதாவது வீட்டில் படிக்கிற மாணவருக்கு இருக்கிற சலுகை, பில் போடுகிற கடைக்கு இல்லை. அதே சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணை உரிமையாகக் கிடைக்காதது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு புத்திசாலி வாதம் வரும். “தெரிந்தே” என்றுதானே சட்டம் சொல்கிறது, அப்படியானால் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதானே பாதுகாப்பு? இந்த விண்டோஸ் அசல் அல்ல என்று திரையே எச்சரித்த பிறகு, கிராக் போடுவதற்காக ஆன்டிவைரஸை நாமே நிறுத்தச் சொன்ன பிறகு, தெரியாது என்ற வார்த்தை எந்த நீதிமன்றத்தில் நிற்கும்? பார்க்காமல் இருப்பவரைச் சட்டம் காக்காது. பார்த்துத் திருத்திக்கொண்டவருக்குத்தான் பேச நியாயம் இருக்கும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவருக்குக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளும் உரிமையையும் தருகிறது. அந்த உரிமை முறையாக வைத்திருப்பவருக்கு மட்டும்.

ஆனால் சோதனைக்கு யாரும் வராமலே இருக்கட்டும். அப்போதும் இந்த வாதம் தோற்கும். ஏனென்றால் இந்த அலுவலகங்களுக்குள் தினமும் வருகிறவர்கள் கட்சிக்காரர்களும் வாடிக்கையாளர்களும். பத்திர எழுத்தரின் கணினியில் ஊரார் ஆதாரும் பான் எண்ணும் சொத்து விவரமும் கிடக்கின்றன. ஆடிட்டரின் கணினியில் நூறு கடைகளின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளும், டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும். அந்தக் கணினியில் பாதுகாப்பை அணைத்துவிட்டு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரலை முழு அதிகாரத்தோடு ஓடவிடுவதுதான் கிராக் என்பது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்த கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. அப்டேட் வந்தால் கிராக் போய்விடும் என்று பயந்து அப்டேட்டை நிறுத்தி வைக்கும் வழக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்புச் செய்திருக்க வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நாளை ஒரு வாடிக்கையாளரின் பத்திர நகல் வெளியே போனால், நம் அலுவலகம் என்ன பாதுகாப்புச் செய்திருந்தது என்று கேட்பார்கள். பைரேட்டட் விண்டோஸில், ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருந்தோம் என்று சொல்வோமா?

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்று அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும் என்பது விதி. அது இருக்கிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். பழைய டேலி 7.2ஐக் கிராக்கோடு ஓட்டுகிற கம்பெனிக்கு அந்தப் பதிவு எங்கிருந்து வரும்? ஆடிட்டர் வந்து பார்க்கத்தான் போகிறார். சட்டமே அவரை அனுப்புகிறது.

கடைசிக் குரல் செலவைப் பற்றியது. சரிபார்த்தால் செலவுதான் வரும் என்கிறார்கள். அனுபவம் நேர்மாறாகச் சொல்கிறது: சரிபார்க்காததால் இருந்ததையும் இழந்தவர்கள் ஏராளம். விண்டோஸ் 7, 8.1 ஒரிஜினலாக வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10 இலவசம் என்று 2015 ஜூலை 29 முதல் ஓராண்டுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்தது. அந்த ஆண்டு முடிந்த பிறகும், பழைய சிபியுவின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருக்கிற விண்டோஸ் 7 எண்ணைக் கொண்டு விண்டோஸ் 10ஐ ஆக்டிவேட் செய்ய முடிந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அதுவரை ஏழு ஆண்டுகளாக, தங்கள் மேசைக்குக் கீழே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒரு சொத்து என்று அறியாமல், அதன்மேல் கிராக் விண்டோஸைப் போட்டுக்கொண்டிருந்த அலுவலகங்கள் எத்தனை! அவர்களுக்கு உரிமை இருந்தது. பார்க்காததால் போயிற்று.

வெளியூர் உதாரணம் ஒன்று. 2012 டிசம்பரில் அடோபி தன் பழைய சிஎஸ்2 மென்பொருளின் ஆக்டிவேஷன் சர்வர்களை நிறுத்தியது. முறையாக வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்த, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பையும் எண்களையும் வெளியிட்டது. போட்டோஷாப் இலவசம் என்று உலகமே இறக்கிக்கொண்டது. நிறுவனமோ, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்று தெளிவுபடுத்தியது. ஒரே கோப்பு, ஒரே எண். பழைய பில்லைப் பத்திரமாக வைத்திருந்தவருக்கு அது சொந்தம், மற்றவருக்கு இல்லை.

வாங்கத்தான் வேண்டும் என்றாலும் தொழில் செய்பவருக்குக் கணக்கு வேறு. மென்பொருளுக்குக் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டியை, பதிவு பெற்ற வணிகர் பொதுவாக உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். வருமான வரியில் கணினிக்கும் மென்பொருளுக்கும் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். பில் இல்லாத கிராக்குக்கு இந்த இரண்டும் கிடையாது. வாங்க வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. 2010 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவருவது. கடிதம், கணக்குத் தாள் என்ற அன்றாட வேலைக்குப் போதுமானது. எத்தனை கணினியில் போட்டாலும் உரிமம் கேட்க யாருமில்லை. பழைய கணினியில் லினக்ஸ் போட்டால் விண்டோஸ் 11 கேட்கிற புது ஹார்டுவேரும் தேவையில்லை. வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை ஒன்று இருக்கும். அதை எப்படியும் ஒரு நாள் செய்தாக வேண்டும்.

எனவே ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கணினியிலும் அந்த ஒரு வரியைப் பார்த்து எழுதுங்கள்: ரீடெயிலா, ஓஇஎம்மா, வால்யூமா. ஆபீஸ் எந்தப் பதிப்பு, யார் கணக்கில். டேலி எந்த மின்னஞ்சலில், சந்தா எந்தத் தேதி வரை. வாங்கிய பில்லில் மென்பொருள் தனி வரியாக இருக்கிறதா, அல்லது ‘ஓ.எஸ். லோடிங்’ என்று மட்டும் இருக்கிறதா. ஸ்டிக்கர் இருந்தால் அழியும் முன் படம் எடுத்து வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்.

வணிகர் சங்கங்களும் வழக்கறிஞர் சங்கங்களும் தங்கள் உறுப்பினர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கல்லூரிகள் மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் முன் தங்கள் லேப்பைப் பார்க்க வேண்டும். டீலர்கள், எந்த உரிமத்தைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்கவில்லை என்று பில்லில் எழுதித் தர வேண்டும்; எழுதித் தராத டீலரிடம் நாம் வாங்கக்கூடாது. மென்பொருள் துறையின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டில், இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமம் இல்லாதது. அது விற்பவர்களின் கணக்கு என்று தள்ளிவிடலாம். நம் அலுவலகத்தின் கணக்கை நாமே எடுத்தால் யாருடைய கணக்கையும் நம்ப வேண்டியதில்லை.

காசு கொடுத்துப் புதிய பதிப்பு வாங்குவதா, இருக்கிற பழைய உரிமத்தோடு தொடர்வதா, கட்டற்ற மென்பொருளுக்கு மாறுவதா என்பது அவரவர் தொழிலையும் வசதியையும் பொறுத்தது. மூன்றும் கௌரவமான வழிகள். ஆனால் தன்னிடம் இருப்பது என்ன என்று பார்க்காதவருக்கு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வழியில்லை. சர்வீஸுக்கு வருகிறவர் எதைப் போட்டுவிட்டுப் போகிறாரோ அதுதான் அவருடைய முடிவு. பரம்பரைத் தொழிலையும் ஊரார் நம்பிக்கையையும் அப்படி ஒருவர் கையில் விட்டுவைக்க நமக்கு உரிமை இல்லை.